உப்புத் திட்டத்தில் ஓர் ஓட்டை

ஒன்பது வருடமாக என் எதிர்வீட்டில் குடியிருக்கும் பெண்மணி எனக்கு ஒரு சான்றிதழ் எழுதித் தந்தார். "இவரை எனக்குத் தெரியாது." அவ்வளவுதான். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, பேனா தன்னுடையதா என்னுடையதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்த ஒரு வரியால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

வேலை, திரைக்கதை நம்பகத்தன்மை வாரியத்தில். உளவுப் படங்களில் வில்லன்கள் உலகத்தை அழிக்கத் தீட்டும் திட்டங்கள் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஆராய்ந்து முத்திரை குத்துவது வாரியத்தின் பணி. முத்திரை இல்லாமல் படம் வெளிவராது. எரிமலைக்குள் ரகசியத் தளம் என்று ஒருவர் எழுதினால், அங்கே இருக்கும் நானூறு அடியாட்களுக்கும் கழிப்பறை எங்கே, கழிவு எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடம் இணைக்க வேண்டும். தலைகீழாக எண்ணும் கடிகாரத்தைக் கதாநாயகன் கண்ணில் படும்படி அவ்வளவு பெரிய எண்களில் மாட்டச் சொன்னது யார்? தளத்தையே வெடிக்கவைக்கும் சிவப்புப் பொத்தானைச் சுவரில் பதித்த பொறியாளர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? ஞாயிற்றுக்கிழமைகளில் சுறாக்களுக்குத் தீனி போடுவது யார்? எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகே கோப்பு அடுத்த மேசைக்கு நகரும். இதற்கு ஓட்டை அடைத்தல் என்று பெயர்.

நான் சேர்வதற்கு முந்தைய வருடம் ஒரே ஒரு படம்தான் முத்திரை பெற்றது. அதில் வில்லன் இடைவேளை வரை தன் தளத்துக்கு மின் இணைப்பு வரக் காத்திருக்கிறான். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் வருகிறான். இணைப்பு இன்னும் வரவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரவர் வழியே போகிறார்கள். ஓட்டையே இல்லாத படைப்பு என்று வாரியத் தலைவர் எழுதிய பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். படத்தை யாரும் பார்க்கவில்லை என்பது வாரியத்தின் வரம்புக்குள் வரும் விஷயமல்ல.

ஒரு காட்சியை மட்டும் வாரியம் எந்தக் காலத்திலும் அனுமதித்ததில்லை. கதாநாயகனை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு, சுட வேண்டிய நேரத்தில் சுடாமல், தன் திட்டம் முழுவதையும் வில்லன் உட்கார்ந்து விளக்குவானே, அந்தக் காட்சி. புத்தியுள்ள எவனும் அப்படிச் செய்யமாட்டான் என்பது வாரியத்தின் நிலைப்பாடு. தயாரிப்பாளர்கள் இதை எதிர்த்து மேலிடம் வரை போனார்கள். அதைச் சோதனை செய்து நிரூபியுங்கள் என்று மேலிடம் வாரியத்திடம் சொல்லிவிட்டது. அதற்காக ஒரு பணியிடம் உருவாக்கப்பட்டது. மாதிரி வில்லன், தற்காலிகம். தகுதி: தனியாக வாழ்பவர், வந்துபோகிறவர்கள் இல்லாதவர், அதை அண்டைவீட்டார் சான்றளிக்க வேண்டும். சான்றளிக்கும் அளவுக்குப் பழக்கமான அண்டைவீட்டார் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. இந்த முடிச்சை அவிழ்த்து உள்ளே வந்தது நான் ஒருத்திதான்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். வெள்ளை மீசை, மடித்த கைக்குட்டை, எதிரில் இருப்பவரின் நெற்றியைப் பார்த்துப் பேசும் பழக்கம்.

"கடைசியா உங்களை யாராவது சாப்பிட்டீங்களான்னு கேட்டது எப்போ?"

யோசித்தேன். "பல் டாக்டர் கேட்டார். போன வருஷம்."

"அது மருந்து குடுக்கறதுக்காகக் கேட்டது. கணக்குல வராது," என்றார் பக்கத்தில் இருந்த சூப்பிரண்டு. "பூஜ்யம்னு போட்டுக்கறேன் சார்."

தலைவர் தலையசைத்தார். "பாருங்கம்மா, வில்லன்ங்கறவன் தனி ஆள். தனி ஆளுக்குப் பேசிப் பழக்கம் கிடையாது. பேசிப் பழக்கம் இல்லாதவன் கடைசி நேரத்துல எதுக்கு வாயத் திறக்கணும்? ரொம்ப சாதாரண தர்க்கம்."

எனக்கு அந்தத் தர்க்கம் ஏதோ தலைகீழாக நிற்பதுபோல் பட்டது. ஆனால் அது நேர்காணல். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு கிடங்கில் மூட்டை இருப்பை எழுதிக்கொண்டிருந்தேன், அந்தக் கிடங்கை மூடிவிட்டார்கள். "ஆமா சார்," என்றேன்.

தங்கை மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். அவள் வேறு ஊரில், கணவன் பிள்ளைகளோடு இருக்கிறாள்.

"அக்கா, அது என்ன வேலைன்னு யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது? வில்லன்னா?"

"மாதிரி வில்லன்."

"நல்லா இருக்கு. ஏன் இந்தப் பிடிவாதம்? இங்க வந்துடு. பின் ரூம்ல கட்டில் போட்டுத் தர்றேன். பசங்களைப் பாத்துக்க, உனக்கும் பொழுது போகும். அங்க சுவரோட பேசிட்டுக் கெடக்கற."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். வேலை நிரந்தரமாகாவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆகிவிட்டால் என் வீடு, என் பூட்டு, என் சாவி. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தனிமைக்காவது ஒரு கதவு இருந்தது.

என் அலுவலகம் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவில் 'ரகசியத் தளம் (மாதிரி)' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு படத்துக்கான திரைக்கதையை என்னிடம் தந்து, அதில் வரும் வில்லனாகப் பத்தொன்பது வாரம் திட்டமிட வேண்டும் என்றார்கள். அதன் முடிவில் சோதனை. அதுவரை என்னோடு யாரும் பேசக்கூடாது. எனக்கு ஓர் அடியாள் ஒதுக்கப்பட்டிருந்தார். அடியாள் பணியிடம் காலியாக இருந்ததால் மாடிகளைப் பெருக்கும் அம்மாவுக்கே அதையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். அவர் என்னிடம் சொல்ல அனுமதிக்கப்பட்டது இரண்டே சொற்கள்: சரி, பாஸ்.

காலையில் டீ கொண்டுவந்து வைத்து, "சரி, பாஸ்," என்பார். கூட்டி முடித்துவிட்டு, "சரி, பாஸ்." முதலில் அதைக் கேட்டால் சிரிப்பு வந்தது. பிறகு நான் அதைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமைச் சரி வேறு, சனிக்கிழமைச் சரி வேறு. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மேசையில் தலைசாய்த்திருந்தேன். அவர் உள்ளே வந்தார், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார், என் நெற்றியில் புறங்கையை வைத்தார். "சரி பாஸ்... சரி பாஸ்..." என்று மெதுவாகச் சொன்னார். அன்று நான் அழுததற்குக் காய்ச்சல்தான் காரணம் என்று பிற்பாடு முடிவு செய்துகொண்டேன்.

அந்தத் திரைக்கதையின் வில்லன் கடலிலுள்ள உப்பை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடப் பார்க்கிறான். உலகமே ஒரு சிட்டிகை உப்புக்குத் தன் காலில் விழ வேண்டும் என்பது அவன் திட்டம். ஓட்டைகளுக்குப் பஞ்சமில்லை. இயந்திரம் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். எடுத்த உப்பை எங்கே வைப்பது? எனக்கு மூட்டைகளைத் தெரியும். உப்பு மூட்டையைப் பன்னிரண்டு அடுக்குக்குமேல் ஏற்றினால் அடியில் உள்ளது பாறையாகிவிடும். தரையில் பலகை போடாவிட்டால் ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் கசியும். கடல் முழுவதற்கும் அடுக்கு போட்டுப் பார்த்தேன். கண்டங்கள் போதவில்லை. சுவர் முழுக்க வரைபடங்கள் ஒட்டினேன். சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் உப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. எதைப் பற்றியும் அவ்வளவு தொடர்ச்சியாக நான் யோசித்ததில்லை, திருமணம் உட்பட.

பதினாறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வழி கிடைத்தது. எழுந்து நின்றுவிட்டேன். இவ்வளவு எளிதா என்று வாய்விட்டுக் கேட்டேன். அறையில் யாரும் இல்லை. அப்போது அந்த அம்மா டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் பயத்தோடு கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வேலை போய்விடும். "ஒண்ணுமில்ல," என்றேன்.

"சரி, பாஸ்," என்றார், ஏமாற்றத்தோடு.

மூன்று வாரம் அதை உள்ளேயே வைத்திருந்தேன். நல்ல செய்தியைச் சொல்ல ஆள் இல்லாதபோது அது மெல்ல மெல்ல நோய்போல ஆகிவிடுகிறது.

சோதனை நாள் காலையில் சூப்பிரண்டு விதிகளை விளக்கினார். சோதனை தொடர்பாகப் பேசலாம் என்று அவருக்கு எழுத்துமூலம் அனுமதி இருந்தது.

"கதாநாயகனைக் கட்டிப்போட்டு எதிர்ல உக்கார வெப்போம். பதினோரு நிமிஷம். நீங்க பேசக்கூடாதுன்னு நாங்க சொல்லல. பேசலாம். உங்க இஷ்டம். பேசலைன்னா நிரந்தரம்."

"பேசினா?"

"எதுக்குப் பேசப்போறீங்க?" அவர் கையிலிருந்த கோப்பில் அறிக்கை தயாராக டைப் செய்யப்பட்டிருந்தது. 'மாதிரி வில்லன் இறுதிவரை பேசவில்லை.' தேதி மட்டும் காலியாக இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "இது முழுக்க முழுக்க நடுநிலையான சோதனைம்மா. முடிவை முன்னாடியே டைப் அடிச்சு வெச்சது நேரத்தை மிச்சம் பண்ணத்தான்."

கதாநாயகனாக லிஃப்ட்காரரை அனுப்பியிருந்தார்கள். லிஃப்ட் ஆறு வருடமாக ஓடவில்லை, அதனால் அவரைத்தான் எல்லாவற்றுக்கும் அனுப்புவார்கள். அவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கை நீளம் போதவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து விதிப்படியான கயிற்றால் கட்டினார்கள். சோதனைக்காக என் அறையில் போட்டிருந்த கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தலைவரும் சூப்பிரண்டும் உட்கார்ந்தார்கள். மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி ஓடியது.

லிஃப்ட்காரர் மடியிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "உன் திட்டம் பலிக்காது!" பிறகு குனிந்து மறுபடி பார்த்து, "கோபமாகச் சொல்லணும்னு போட்டிருக்கு. இன்னொரு தடவை சொல்லட்டுமா மேடம்?" என்றார்.

நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

நான்கு நிமிடம் போயிற்று. என் சாவியை நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம். லிஃப்ட்காரர் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்களே போட்டதா?" என்றார்.

யாரும் அவருக்கு அந்த வசனத்தை எழுதித் தரவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

"ஆமா," என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. "இது மூட்டை அடுக்கு. அது துறைமுகம். அதெல்லாம் தப்பு. அதெல்லாம் இப்போ வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உப்பை எடுக்கவே வேண்டாம். அது கடல்லயே இருக்கட்டும். மிஷினும் வேண்டாம், அடியாளும் வேண்டாம். ஒரு வாரியம் போதும்."

"எந்த வாரியம்?"

"ஏதாவது ஒரு வாரியம். ஒரு பலகை, நாலு மேசை. 'ஆய்வு முடியும்வரை கடல் உப்பு உப்பாகக் கருதப்படமாட்டாது'ன்னு ஒரு சுற்றறிக்கை. ஆய்வை முடிக்கவே கூடாது. அவ்வளவுதான். ஜனங்க உப்பைக் கையில வெச்சுக்கிட்டே மனுப் போட வருவாங்க."

லிஃப்ட்காரர் சிரித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்தது தெரிந்தது. "கரெக்ட் மேடம். நம்ம லிஃப்டும் அப்படித்தான். அது கெட்டுப்போகவே இல்ல. ஆறு வருஷம் முன்னாடி 'ஆய்வில் உள்ளது'ன்னு ஒரு அட்டையை மாட்டிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் பொத்தானைத் தொடல. நான் தெனம் காலைல தனியா ஒரு ரவுண்டு மேல போயிட்டு வருவேன். கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்து எத்தனாவது மாடின்னு கேப்பேன்," என்றார்.

மணி அடித்தது. பதினோரு நிமிடம் முடிந்திருந்தது. நான் நிறுத்தவில்லை. சுற்றறிக்கையின் வாசகத்தைச் சொன்னேன், மனுவின் படிவத்தைச் சொன்னேன், அது எப்படி என் மனதில் பட்டது என்று அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். கிடங்கைச் சொன்னேன். எதிர்வீட்டுச் சான்றிதழைச் சொன்னேன். நடுவில் அவர் கயிறு தானாகவே அவிழ்ந்து தரையில் விழுந்தது. கட்டியவர்களுக்குக் கட்டத் தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவர் கயிற்றைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், காலால் கயிற்றை ஒதுக்கிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

முப்பத்தெட்டு நிமிடம் பேசியிருக்கிறேன்.

சூப்பிரண்டு உள்ளே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. லிஃப்ட்காரரை வெளியே அனுப்பினார். "சோதனை நடக்கவே இல்லைன்னு எழுதப்போறோம்மா. நடக்காத சோதனைக்கு வில்லன் தேவையில்ல. நாளைலேர்ந்து நீங்க வரவேண்டாம்." பிறகு, ஒரு விதியை மறைத்தால் இன்னொரு விதியை மீறியதாகிவிடும் என்ற வேதனையோடு, "விதி பதினாலு இருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ரெண்டாவது மாடில ஒலிநாடாவோட மேல்முறையீடு குடுத்துட்டா, சோதனை நடந்ததா ஆயிடும். நடந்ததுன்னா, என்ன பேசியிருந்தாலும், சோதனையை முடிச்சவங்களுக்கு நிரந்தரம் தந்தே ஆகணும். அந்தக் காட்சியையும் அனுமதிச்சாகணும். நீங்க அப்படிப் பண்ணமாட்டீங்கன்னு நம்பறேன்."

அப்படிப் பண்ணத்தான் உட்கார்ந்தேன். மேல்முறையீட்டை எழுதி முடித்தபோது மணி நாலு பத்து. நாடாவை எடுத்துக் கைப்பையில் போட்டேன். எழுந்தபோது தலைவர் உள்ளே வந்தார். கூட யாரும் இல்லை.

"உக்காருங்க," என்றார். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். கதாநாயகனின் நாற்காலிதான் மீதமிருந்தது.

"நீங்க மேல போகப்போறீங்க. தெரியும். போறதுக்கு முன்னாடி இந்த வாரியம் ஏன் வந்ததுன்னு தெரிஞ்சுக்கங்க." முதல்முறையாக என் நெற்றியை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார். "இருபத்தாறு வயசுல நான் ஒரு படம் எழுதினேன். உளவுப் படம். ஒண்ணே ஒண்ணு. அதுல வில்லன் பேசற காட்சியை எழுத மட்டும் நாலு மாசம் ஆச்சு. படம் வந்த அன்னைக்குக் கடைசி வரிசைல உக்காந்திருக்கேன். அவன் வாயைத் திறந்தான். முன்வரிசைலேர்ந்து ஒருத்தன், 'யோவ், மொதல்ல சுடுய்யா, அப்புறம் பேசலாம்!'னு கத்தினான். மொத்தத் தியேட்டரும் சிரிச்சுது. அஞ்சு நிமிஷம் சிரிச்சுதும்மா."

நாலு இருபத்தைந்து.

"அன்னைக்கே முடிவு பண்ணினேன். இனிமே எவனும் அந்தக் காட்சியை எழுதக்கூடாது. எழுதினாத்தானே சிரிப்பான்? முதல்ல பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் போட்டேன். வில்லன் திட்டமெல்லாம் நம்பற மாதிரி இல்ல, ஒரே ஓட்டைன்னு. முன்னூறு கடிதம், முன்னூறு பேர்ல. பொதுமக்கள் கொந்தளிப்புன்னு செய்தி போட்டாங்க. ஒரு குழு வந்தது. குழுவுக்கு ஒரு அலுவலகம். அலுவலகத்துக்கு ஒரு சட்டம். அந்தக் கழிப்பறை, சுறா, சிவப்புப் பொத்தான் எல்லாம் சும்மா. அந்த ஒரு காட்சிக்காகத்தான் எல்லாம். இருபத்திரண்டு வருஷம். என் வீட்டுல இருந்தவங்களுக்கே தெரியாது. இருந்தவரைக்கும் தெரியாது."

நாலு நாற்பது. அவர் எழுந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரிலிருந்த என் வரைபடங்களைப் பார்த்தார். கதவு தாழிடப்படவில்லை. இரண்டாவது மாடிக்கு நான்கு நிமிடம் போதும். படங்களில் கதாநாயகன் சரியாக இந்த இடத்தில்தான் முடிச்சைத் தளர்த்திவிட்டு எழுவான். அதுவரை அவன் முகம் கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும். உண்மையில் அவன் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கமாட்டான். கைதட்டல் அவனுக்குத்தான்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

"அந்தச் சிரிப்புல," என்றார் அவர் சுவரைப் பார்த்தபடி, "என் வில்லன் என்ன சொன்னான்னு யாருக்கும் கேக்கவே இல்லம்மா."

நான் நின்றேன். நாலு ஐம்பது. கைப்பையின் வார் தோளில் இருந்தது.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு சொல்லும் மறக்கவில்லை. வில்லனின் அப்பா வீட்டில் யாரோடும் பேசாத மனிதர். பிள்ளை வரைந்து கொண்டுவரும் படங்களைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அதனால் பிள்ளை ஒவ்வொரு படத்தையும் முந்தையதைவிடப் பெரியதாக வரைந்தான். கடைசியில் வரைந்ததுதான் உலகத்தை அழிக்கும் திட்டம். காட்சி நீளம். நடுவில் நொண்டியது. இரண்டு இடங்களில் மிகவும் மோசமாக இருந்தது, ஓர் இடத்தில் நான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தேன். அவர் மூச்சு வாங்க நின்றபோது நான் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

மேலே ஐந்து மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், படிகளில் செருப்புச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஐந்தே கால் இருக்கும், முடித்தார்.

"இதுல ஓட்டை ஏதாவது இருக்கா?" என்றார். இருபத்தாறு வயதுக்காரன் கேட்பதுபோல இருந்தது.

இருந்தது. பத்தொன்பது வாரம் ஓட்டை தேடியவளுக்குத் தெரியாமல் போகுமா? "இல்ல சார்," என்றேன். "நடுவுல கொஞ்சம் சுருக்கலாம். ஓட்டை இல்ல."

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவுவரை போனவருக்கு அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது.

"ஐயோ. அஞ்சு தாண்டிடுச்சே. நீங்க மேல போகணுமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே?"

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. ஆனால் நிறுத்தியிருக்கமாட்டார். மத்தியானம் மணி அடித்தபோது நான் நிறுத்தினேனா?

"பரவாயில்ல சார்," என்றேன். "நீங்க பேசிட்டிருந்தீங்க."